பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாத்திரை

பிலார், ஆகஸ்டு 23

அன்பு மகள் நீமியாவுக்கு அம்மா எர்மெலிந்தா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம் என்று இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. மலாகாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, அதை முதலில் எழுது. அப்பாவுக்குச் சளி என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முந்தாநாள் வீட்டுக்கு வந்துவிட்டார், அதனால் பயப்படாமல் மீதியைப் படி.

போன மாதம் முழுக்க அவருக்குக் கால் வீக்கம், இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை. அறுபத்தாறு வயதில் இன்னும் விசில் ஊதிக்கொண்டு ஓட வேண்டுமா என்று கேட்டால், நடுவர் இல்லாமல் பந்து தானாக ஆடுமா என்று என்னையே திருப்பிக் கேட்பார். இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் முதல் பாதி முடிவதற்குள் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார், மூச்சு இழுக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது யார் தெரியுமா, பக்கத்து வீட்டு அனாஸ்தாசியோ. ஆறு வருஷத்துக்கு முன் இறுதி ஆட்டத்தில் அவருடைய அணிக்கு எதிராக அப்பா பெனால்டி கொடுத்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாதே, அந்த மனிதர்தான்.

அவசரப் பிரிவில் டாக்டர் ரோலோன் என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள். ஆக்சிஜன் வைத்து, நீர் இறங்க ஊசி போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "அம்மா, அவரோட இதயம் திணறுது, அதனால நுரையீரல்ல தண்ணி தேங்கிப்போச்சு. அதை இறக்கிடலாம். ஆனா இப்படி வர்றவங்கள்ல நிறைய பேருக்கு முதல் ரெண்டு மூணு நாள்லயே கிட்னி அடிபடுது. வயசும் சர்க்கரையும் இருக்கறதால இவருக்கு அந்த பயம் கூடுதல், அதனால ஒவ்வொரு மணிக்கும் சிறுநீரை அளந்து பார்ப்போம்" என்றாள். மறுநாள் காலை சிறுநீர்ப் பையின் அடியில் மட்டும்தான் கொஞ்சம் இருந்தது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்க்கிறார்கள், ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது இரண்டரைக்கு ஏறியிருந்தது. இப்படியே போனால் டயாலிசிஸ் என்றாள். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். அப்பா இல்லை என்று தலையாட்டினார்.

வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்ற அனாஸ்தாசியோ உள்ளே வந்தார். "இவன் சொல்ல மாட்டான் டாக்டர். முட்டி வலிக்கு மேட்ச் அன்னிக்கு காலையில ரெண்டு, முடிஞ்சப்புறம் ரெண்டு. இந்த ஒரு மாசமா தினமும். மருந்துக்கடையில நானே பார்த்திருக்கேன்" என்றார். அப்பா முகமூடிக்குள்ளிருந்தே, "வாயை மூடுடா, கோள்மூட்டி" என்றார். "நீ செத்துட்டா நான் யார்கூடடா முறைச்சுக்கிட்டு இருக்கறது" என்று அவர் சொன்னதும் நர்ஸ் சிரித்துவிட்டாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வலி மாத்திரை கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்குமாம், உடம்பில் தண்ணீரையும் தேக்குமாம். சாயம் ஏற்றினால் கிட்னிக்கு இன்னும் கெடுதல் என்று, அப்படி எடுக்க இருந்த ஸ்கேனை டாக்டர் உடனே தள்ளிவைத்தாள், மருந்தின் அளவை மாற்றினாள், தினமும் இரண்டு வேளை ரத்தம் பார்த்தாள். மூன்று நாள் அந்த எண் இறங்கவே இல்லை. நாலாம் நாள் மதியம் பை நிறைந்தது. மூத்திரத்தைப் பார்த்துக் காகுபே மாதாவுக்கு நன்றி சொன்னவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது எண் ஒன்றரைக்கு வந்திருக்கிறது, டயாலிசிஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீருக்கு அளவு, உப்புக்குத் தடை, தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். பச்சிலை ஊறவைத்த குளிர்ந்த தெரெரே குடிக்கும் குவளையைக்கூட நான் அளந்துதான் கொடுக்கிறேன், என்னைச் சிறைக் காவலாளி என்கிறார். அந்த டாக்டர் பெண்ணுக்கு ஒரு கூடை சிப்பா ரொட்டி சுட்டுக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு, "அனாஸ்தாசியோ ஐயாவுக்கும் குடுத்தீங்களா?" என்று கேட்டாள். கொடுத்தேன் மகளே, ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் வீட்டுப் படியேறிக் கொடுத்தேன்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். துணி துவைக்கும்போது அப்பாவின் கால்சட்டைப் பையில் காலி மாத்திரை அட்டைகளை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். வலி இல்லாவிட்டால் வீட்டில் சிரித்த முகமாக இருக்கிறாரே என்று கேட்காமல் விட்டேன். டாக்டர் கேட்டபோதும், அவர் தலையாட்டியதைப் பார்த்து, நாலு பேர் முன்னால் அவரைப் பொய்யராக்க வேண்டாம் என்று நானும் பேசாமல் நின்றேன். அந்த மனிதர் மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால்? நேற்று இதை அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு தெரியும் எர்மெலிந்தா. துவைச்சு வந்த கால்சட்டைப் பையில நான் விட்ட அட்டை இருக்காதே, நீதானே எடுத்திருப்பே. நீ கேப்பே கேப்பேன்னுதான் நானும் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

உனக்கு அடிக்கடி தலைவலி வருமே, என்ன மாத்திரை போடுகிறாய் என்று மறைக்காமல் எழுது. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
எர்மெலிந்தா