அமாவாசைக் காசும் எழுதாத உயிலும்

என் அருமை நைனா,

நீ இருக்கும் இடத்தில் டீ கிடைக்கிறதோ இல்லையோ, இதைப் படிக்க உனக்கு நேரம் கிடைக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

இந்த வருஷம் நம் வீட்டில் தீபாவளி இல்லை. நீ எங்களை விட்டுப் போன வருஷம் என்பதால் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. எதிர்வீட்டு அக்கா அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அம்மா அதிரசத்தை விண்டு வாயில் போட்டுவிட்டு, பாகு முற்றிப்போச்சு என்றாள். அவள் கொஞ்சம் தேறிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பண்டிகைக் காசை நீ வைத்திருந்த விதத்தை அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தினமும் வரும் காசு வீட்டுச் செலவுக்கு. அமாவாசைக்கு மேல்மலையனூர் போய், கோயில் கூட்டத்துக்கு நடுவில் அடுப்புப் போட்டு, விடிய விடிய டீ விற்ற காசு பண்டிகைக்கு. அந்த அமாவாசைக் காசில் ஒரு படி அரிசிகூட வாங்கக் கூடாது. அப்படியே சீட்டுக்காரம்மா கைக்குப் போய்விடும். தீபாவளிக்குத் துணியும் பட்டாசும், பொங்கலுக்கு எனக்கும் தங்கச்சிக்கும் வரிசை, எல்லாம் அதிலிருந்துதான். தெருவே கம்மலை அடகு வைக்க ஓடும்போது நம் வீட்டில் ஆடித் தள்ளுபடியிலேயே துணி எடுத்து முடித்திருப்பாய்.

அவ்வளவு முன்யோசனை உள்ள மனுஷன், வீட்டுக்கு ஒரு உயில் எழுதி வைக்கவில்லை. பத்திரம் எழுதுகிறவர் உன் கடைக்கு டீ குடிக்க வரும்போதெல்லாம் சொல்லியிருக்கிறார். நானும் ஒரு தடவை கேட்டேன்.

"உயிலு எழுதுனா ஆயுசு கொறைஞ்சிடும்டி. நான் நல்லாத்தான இருக்கறன்?" என்றாய்.

எழுதாமலே குறைந்துவிட்டதே, நைனா. இதற்கு என்ன சொல்கிறாய்?

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல்கூடப் பிரிக்கவில்லை, தம்பி செந்தில் பேச்சை எடுத்தான். கடையைப் பெரிதாக்கி டிபன் கடை போட வேண்டும். வீட்டை வைத்து பாங்கில் கடன் வாங்க வேண்டும். வீடு உன் பேரில் இருக்கிறது, அதனால் அம்மாவும் நாங்கள் இரண்டு பெண்களும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அவன் பேருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு புடவையும் தாம்பூலமும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதுதானே நம் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு வழக்கம்? மாட்டேன் என்றவளுக்கு அப்புறம் வரிசையும் வராது, வா என்ற சொல்லும் வராது. அம்மா சரி என்றாள். தங்கச்சியும் சரி என்றாள். நான் மட்டும் போடமாட்டேன் என்றேன்.

எனக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட வேண்டாம். தம்பியை நம்பாமலும் இல்லை, அந்தக் கடனைத்தான் நம்பவில்லை. நாளைக்கு வியாபாரம் படுத்துவிட்டால் வீட்டுக்குப் பூட்டுப் போட வருவார்கள். அப்போது அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக்குப் போவாள்? இதைத்தான் அவனிடம் சொன்னேன்.

"அம்மாவ நான் ரோட்டுல உட்ருவனா? இன்னாக்கா பேசற நீ?" என்றான்.

அவன் கண் கலங்கிவிட்டது. கையெழுத்தைப் போட்டுத் தொலைத்துவிட்டு ஊர் போய்ச் சேரலாம் என்று எனக்கு இருந்தது. அன்றைக்கு எப்படிப் பிடிவாதமாக இருந்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

வீட்டை யார் பேருக்கு மாற்றினாலும் வாரிசுச் சான்றிதழ் வேண்டுமாம்; அதற்காக நான் வாழ்க்கைப்பட்ட தளவானூரிலிருந்து பஸ் ஏறி ஏறி இறங்கினேன். தாலுகா ஆபீசில் ஒரு நாள் ஆள் இல்லை, ஒரு நாள் கரண்ட் இல்லை. தைக்க வாங்கிய ஜாக்கெட் துணியெல்லாம் மெஷின் மேலேயே கிடந்தது. பெரியவள் பாகத்துக்கு ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். என் வீட்டுக்காரரே, உனக்கு ஏன் இந்தப் பொல்லாப்பு என்றார். உன் மேல் கோபம் கோபமாக வந்தது, நைனா. நீ ஒரு தாளில் எழுதியிருந்தால் இந்தக் கெட்ட பேர் எனக்கு வந்திருக்குமா?

தீபாவளியன்று அம்மாவைப் பார்க்க, தனிக்குடித்தனம் இருக்கும் தம்பியும் சேர்த்துப் பிள்ளைகள் மூன்று பேரும் வந்திருந்தோம். உன் அமாவாசை அடுப்பைச் செந்தில் ஒரு மாசம்கூட விடவில்லை. சீட்டும் கட்டி வந்திருக்கிறான். முதிர்ந்த காசை அன்றைக்கு அம்மாவிடம் கொடுத்தான். துணி இல்லை, பட்டாசு இல்லை, இதை என்ன செய்வது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னாள்:

"இந்தத் துட்டுல பத்திரச் செலவ பாருங்க. மூணு பேரும் எனக்கு எழுதிக் குடுங்க. நான் கண்ண மூடற வரைக்கும் ஊடு எம்பேர்ல இருக்கட்டும். அப்பறம் யாருக்குன்னு நானே எழுதி வெச்சிட்டுப் போறேன்."

செந்தில் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். அம்மா அவனைக் கூப்பிடவில்லை. அவள் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. அடுத்த அமாவாசை முடிந்த காலையில் அவனே அம்மாவுக்குப் போன் போட்டு, கையெழுத்துப் போட எந்த நாளைக்கு வரவேண்டும் என்று கேட்டானாம்.

பண்டிகைக் காசில் பத்திரம் பதிந்த குடும்பம் நம் செஞ்சியில் நாமாகத்தான் இருப்போம். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அதே கையோடு அம்மா உயிலும் எழுதிவிட்டாள். அவளுக்குப் பிறகு வீடு செந்திலுக்கு, அவள் நகை எங்கள் இரண்டு பேருக்கும். எழுதி முடித்து, பத்திர ஆபீசை விட்டு வெளியே வந்து, ஒரு வடையும் டீயும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆயுசுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் வலிதான் கொஞ்சம் கூடியிருக்கிறது.

செந்தில் கடையில் இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டு இட்லி மட்டும் ஆரம்பித்திருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறதாம், தங்கச்சி சொன்னாள். என்னோடு அவன் இன்னும் பேசவில்லை. உன் வருஷம் திரும்பினால்தான் நமக்குப் பண்டிகை என்பதால் இந்தப் பொங்கலுக்கு வரிசை கிடையாது. அடுத்த பொங்கலுக்கு வருவானா? உனக்குத் தெரிந்தால் கனவிலாவது சொல்.

என் பேரில் இருக்கும் அந்தச் சின்ன மனைக்கு நானும் உயில் எழுதிவிட்டேன். ஒன்று சத்தியம் செய்கிறேன், நைனா. நான் போகும் நாளில் என் பிள்ளைகளுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. உனக்காக நான் இன்னும் சரியாக அழவில்லை. ஆபீஸ் வேலையெல்லாம் முடிந்தது. வாங்கின துணியையும் நேற்றுத் தைத்துக் கொடுத்துவிட்டேன். இனி அழ வேண்டியதுதான் பாக்கி.

உன் மூத்த பொண்ணு,
அமுதா