பொழுதுபோக்கு: வாசிப்பு

செவ்வாய், மார்ச் 4

இன்று ஆபீசில் என் மானம் லிஃப்டில் ஏறி நேராகக் கீழ்த்தளத்தில் போய் இறங்கியது.

புதிதாக வந்திருக்கும் எச்.ஆர். மேடம் லிஃப்ட் மெக்கானிக்குகளான எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து, "நம்ம கம்பெனியில புத்தகம் படிக்கிறவர் ஒரே ஒருத்தர்தான் இருக்கார்" என்று சொல்லி என் பக்கம் பார்த்துச் சிரித்தார். யாரப்பா அந்த மகான் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் தண்ணீர் கேன் மட்டும்தான் இருந்தது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் செய்த பாவம் இது. வேலைக்குச் சேரும்போது கொடுத்த படிவத்தில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் லிஃப்டைத் தொட விடமாட்டார்களோ என்ற பயத்தில் 'வாசிப்பு' என்று எழுதிவிட்டேன். மற்ற நாற்பது பேரும் உஷாராக விளையாட்டு, பாட்டு என்று எழுதியிருக்கிறார்கள். கயிறு 'தூக்கம்' என்று எழுதியிருக்கிறான். (கூட வேலை பார்க்கிறவன். ஆளும் கயிறு மாதிரி ஒல்லி, லிஃப்டுக்குக் கயிறு மாற்றுவதிலும் சூரன். அதனால் அந்தப் பெயர்.)

"கடைசியா என்ன சார் படிச்சீங்க?"

"அது ஒரு பெரிய புத்தகம் மேடம்" என்றேன். பொய்யில்லை. புது கன்ட்ரோல் பேனலின் மேனுவல், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

ஆக, மேடம் புதிதாக ஆரம்பிக்கும் கம்பெனி ஆன்லைன் வாசகர் வட்டத்துக்கு நான் தலைவன். சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணி. வெளியே வந்ததும் கயிறு தன் உள்ளங்கையையும் ஸ்க்ரூ டிரைவரையும் நீட்டினான். "தலைவரே, ஒரு கையெழுத்து."

புதன், மார்ச் 5

மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்று சிரித்தாள். "நீங்களா? கொசு மருந்து டப்பாவுல எழுதியிருக்கிறதைக்கூட நான்தானே படிச்சுச் சொல்றேன்!"

அவளுக்குத் தெரியாது. பதினாலு வயதில் நான் படித்த படிப்பு. பூகோளப் புத்தகத்துக்கு நடுவில் துப்பறியும் கதையைச் செருகி வைத்து, கொலைகாரன் யார் என்று தெரியாமல் மணி அடித்துவிட்டால் அடுத்த வகுப்பிலும் அதையேதான் படிப்பேன். பத்தாவதில் பூகோளத்தில் ஏன் முப்பத்தாறு வாங்கினேன் என்று வீட்டில் யாருக்கும் புரியவே இல்லை.

எப்போது நின்றது? யாரும் பிடுங்கவில்லை. யாரும் திட்டவில்லை. எங்கேயோ குடையை வைத்துவிட்டு வந்த மாதிரி விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வெள்ளி, மார்ச் 7

மகள் வேறு ஊரில் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். ஒன்றரை வருடம் ஆகிறது. தினம் போன் பண்ணுவாள். நான் எடுத்தால் நடக்கும் உரையாடல் முழுவதையும் இங்கே எழுதிவிடலாம்:

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"ஆச்சு."

"அம்மாகிட்ட குடுங்க."

முப்பத்தெட்டு விநாடி. போனே கணக்குக் காட்டுகிறது. அம்மாவும் மகளும் அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அந்தப் பக்கம் நான் போனால் இருவரும் குரலைத் தணிப்பார்கள்.

இன்று நானே கூப்பிட்டேன். "பாப்பா, இந்த வீடியோ மீட்டிங் எப்படி வைக்கிறது?"

ஐம்பத்திரண்டு நிமிடம்! அதில் நாற்பது நிமிடம் திட்டு. "அப்பா, அதைத் தொடாதீங்கன்னு சொன்னேன்ல?" "அப்பா, உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது." "அப்பா, இப்ப எதை அமுக்கினீங்க? நான் தலைகீழா தெரியுறேன்." இருக்கட்டுமே. ஐம்பத்திரண்டு.

முதல் புத்தகத்தையும் அவளே சொன்னாள். மீட்டிங்கையும் கொஞ்ச நாள் அவளே நடத்தித் தருகிறாளாம். இந்த வட்டம் நாளைக்கே கலைந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. இந்தப் பேச்சு அறுந்துவிடக் கூடாது.

ஞாயிறு, மார்ச் 9

பதினோரு பக்கம். மூன்று தூக்கம்.

வியாழன், மார்ச் 13

ஒரு பத்து மாடிக் கட்டிடம். மொட்டை மாடி மெஷின் ரூமில் நான். ஸ்டோரிலிருந்து ஒரு பேரிங் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தேன்.

ஒரு படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவர். முப்பது வருடம் மற்றவர்களை ஏற்றிவிட்டே காலம் தள்ளியவர், ஒரு நாள் கையிலிருக்கும் டிக்கெட் கட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தானே படகில் ஏறிப் போய்விடுகிறார். வீட்டில் சொல்லவில்லை. அவ்வளவுதான் கதை. கொலை இல்லை, துப்பறிவாளர் இல்லை. ஆனால் ஆள் எங்கே போனார் என்று தெரியாமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வர்ணனை வந்த இடங்களில் மட்டும் கண் தானாக ஒரு தாண்டு தாண்டியது. ஆறு, மேகம், சாயங்காலம். எல்லாம் நாம் பார்க்காததா?

பேரிங் வந்து கீழே முக்கால் மணி நேரம் காத்திருந்ததாம். போன் அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. திட்டு வாங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் என் கட்டைவிரல் கிரீஸ் முத்திரை.

சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சனி, மார்ச் 15

முதல் கூட்டம். வரலாற்றில் எழுத வேண்டிய கூட்டம்.

என்னோடு சேர்த்துப் பதினோரு பேர் வந்தார்கள். ஆரம்பத்திலேயே பதினோரு வீட்டு மின்விசிறியும் குக்கரும் குழந்தையும் சேர்ந்து கத்தியதால் மகள் எல்லோருடைய மைக்கையும் அணைத்துவிட்டு, "பேசணும்னா மைக்கைத் தொடுங்க, லேப்ல கூப்பிடறாங்க, இதோ வந்துடறேன்" என்று போனாள்.

யாரும் தொடவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. லிஃப்ட் ஓடும் குழிக்குள் ஆள் இறங்கினால் மெயின் சுவிட்சைப் பூட்டிச் சிவப்பு அட்டை மாட்டுவோம். மாட்டியவர் கையால்தான் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்தாலும் வேறு கை படக் கூடாது, பட்டால் உள்ளே இருக்கிறவன் உயிர் போகும். இங்கேயோ ஒவ்வொருவன் முகத்துக்குக் கீழேயும் சிவப்புக் கோடு போட்ட மைக். மாட்டியது பாப்பா. அவள் வராமல் எவன் தொடுவான்? நானும்தான் தொடவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம், கை போகவே மறுத்துவிட்டது.

இருபத்தைந்து நிமிடம் கழித்து அவள் திரும்பி வந்தபோது பதினோரு ஆம்பளைகள் குழிக்குள் காட்டும் சைகையில் இலக்கியம் பேசிக்கொண்டிருந்தோம். மேலே, கீழே, நிறுத்து. கயிறு 'நிறுத்து' என்பதை மட்டும் விடாமல் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன் யாரும் மைக்கைத் தொடலை?"

மைக் திறந்ததும், எங்களுக்கு உதிரிபாகம் எடுத்துத் தரும் ஸ்டோர் அண்ணன் சொன்னார்: "நீ பூட்டினதும்மா. நாங்க எப்படித் திறக்கிறது?"

அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சனி, மார்ச் 22

இரண்டாவது கூட்டம். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டிக்கெட் கிழிப்பவர் செய்தது சரியா, தப்பா? கயிறு கொதித்தான்: "டூட்டியைக் கை மாத்தி விடாமப் போறவன் மனுஷனா? அடுத்த ஷிஃப்ட் ஆள் வர்ற வரைக்கும் இருக்க வேணாமா?" ஸ்டோர் அண்ணன், "முப்பது வருஷம்டா. எனக்கே சில நாள் பின்வாசல் வழியா அப்படியே போயிடலாம்னு தோணும்" என்றார். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

அப்போது மகள் பேசினாள்.

"அவர் போனது பெரிய விஷயமே இல்லைங்க. இருந்தப்பவும் இல்லாத மாதிரிதானே இருந்தார்? படகுல ஏறினது துறையில இருந்தவங்களுக்குத்தான் செய்தி. வீட்டுக்கு அது செய்தியே இல்ல."

கதையைப் பற்றித்தான் சொன்னாள். கதையைப் பற்றி மட்டும்தானா? எனக்குச் சுருக்கென்றது.

"உழைச்சாத்தான் வீட்ல அடுப்பு எரியும். ஏசி ரூம்ல உக்காந்து பல்லு செய்யறவங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப் போகுது" என்றேன். பத்துப் பேர் முன்னால். தலைவர் குரலில்.

கொஞ்ச நேரத்தில் திரையில் அவள் கட்டம் கறுப்பாகிவிட்டது. நெட் போயிருக்கும் என்றார் ஸ்டோர் அண்ணன்.

நெட் போகவில்லை.

ஞாயிறு, மார்ச் 23

ஏன்டா அப்படிச் சொன்னே? யாரு கேட்டா உன்னை? கதையைப் பத்திப் பேசற இடத்துல—

மனைவி காலையில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அவ அந்தப் புத்தகத்தை உங்களை ஏன் படிக்கச் சொன்னான்னு யோசிச்சீங்களா?" சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள். நானும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சனி, மார்ச் 29

'வேலை இருக்கு. நீங்களே நடத்திக்கோங்க' என்று மெசேஜ். நானே நடத்தினேன். எல்லா மைக்கும் தானாகத் திறந்தன, மூடின. கயிறுகூடப் பாராட்டினான்.

போனில் இந்த வாரம்: பதினாறு விநாடி, பன்னிரண்டு, பன்னிரண்டு. 'சாப்டியா' கூட இல்லை. நேராக அம்மாதான்.

செவ்வாய், ஏப்ரல் 1

மதியம் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலை. சாப்பிட்டு முடித்துப் புத்தகத்தை முதலிலிருந்து எடுத்தேன். இந்தத் தடவை ஆறு, மேகம், சாயங்காலம், எதையும் தாண்டவில்லை.

நாற்பத்தேழாம் பக்கம்.

ஆறு, மேகம் என்று ஆரம்பிக்கிறது. அதனால் போன தடவை தாண்டியிருக்கிறேன். அதற்குக் கீழே அந்த ஆளின் சின்ன மகள் துறைக்கு வருகிறாள். "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்கிறாள். "இரு, இந்தப் படகு போகட்டும்" என்கிறார். அந்தப் படகு போகிறது. அடுத்தது வருகிறது. ஏழு படகு. அவள் வீட்டுக்குப் போய்விடுகிறாள். என்ன சொல்ல வந்தாள் என்று புத்தகத்தில் கடைசி வரை இல்லை.

கீழே யாரோ லிஃப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

"இரு பாப்பா, இந்த சர்வீஸ் கால் முடியட்டும்." எத்தனை தடவை? எல்லாம் எமர்ஜென்சி கால்தான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற வேலை. தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் கால் முடிந்த பிறகு நான் ஒரு தடவையாவது திரும்பிக் கேட்டேனா?

ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லையென்றால் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

புதன், ஏப்ரல் 2

மாலை நானே கூப்பிட்டேன். அம்மாவிடம் கொடுக்கச் சொல்வதற்குள் சொல்லிவிட்டேன்.

"பாப்பா, நாப்பத்தேழாம் பக்கத்தை நான் படிக்காமத் தாண்டியிருக்கேன்."

அந்தப் பக்கம் லேப் இயந்திரத்தின் இரைச்சல். அப்புறம் அதை அவள் நிறுத்தினாள்.

"தெரியும்பா. படிச்சிருந்தா அன்னைக்கு அப்படிப் பேசியிருக்க மாட்டீங்க."

"பத்துப் பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதுக்கு முன்னாடியும்... நிறைய படகு... நான்—"

"அப்பா. அழறீங்களா?"

"சேச்சே. கண்ணுல கிரீஸ் பட்டுடுச்சு."

"வீட்டு சோபாவுல எங்கப்பா கிரீஸ்?"

பதினெட்டு நிமிடம். பாதிக்கு மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அதையும் போன் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

சனி, ஏப்ரல் 12

மகள் மறுபடி கூட்டத்துக்கு வந்தாள். கயிறு, "ஏசி ரூம் மேடத்துக்கு வணக்கம்" என்று போட்டான் ஒரு போடு. நான் நாற்காலிக்குள் புதைந்தேன். அவள், "உங்க முன் பல்லு ரெண்டும் எனக்கு இங்கருந்தே தெரியுது சார், அளவு எடுத்துக்கட்டுமா?" என்றாள். கயிறு வாயை மூடினவன் மூடினவன்தான்.

அடுத்த புத்தகம் அவளே எல்லோருக்கும் தேர்ந்தெடுத்தது. முந்நூறு பக்கம். ஒரு பெண், தீவு ஒன்றில் தனியாகப் பள்ளிக்கூடம் நடத்த வருகிறாள். யாரும் முந்திக்கொண்டு போய் முடிவை உளறிவிடக் கூடாது என்பதால் நான் கண்டிப்பாகச் சொன்னேன்: "வாரம் மூணு அத்தியாயம். அதைத் தாண்டிப் படிச்சவங்களுக்கு வட்டத்தில் இடமில்லை." தலைவர் குரலுக்கு இப்போது இது ஒன்றுதான் வேலை.

புதன், ஏப்ரல் 16

சாயங்காலம் போன். எடுத்து, "இரு, அம்மாவைக் கூப்பிடறேன்" என்றேன்.

"வேணாம்பா. உங்ககிட்டதான்."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஆனால் டி.வி.யை நிறுத்தினாள்.

"ஏதாவது பிரச்சினையாம்மா?"

"ஒண்ணும் இல்ல. நான் ரூலை மீறிட்டேன். பதினாலாவது அத்தியாயம் வரைக்கும் போயிட்டேன். வட்டத்துல இடம் உண்டா?"

"விசாரிச்சுச் சொல்றேன்."

"அதுல ஒரு இடம் வருதுப்பா. படிச்சதிலிருந்து வேலையே ஓடல. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு. உங்களுக்குக் கதை தெரிஞ்சு போயிடும். பரவாயில்லையா? டூட்டில இருக்கீங்களா?"

"சொல்லு."

படித்தாள். புயலில் பள்ளிக்கூடத்தின் கூரை போய்விடுகிறது. மறுநாள் காலை ஒரு பிள்ளையும் வராது என்று அந்த டீச்சர் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். மகளின் குரல் நடுவில் ஒரு இடத்தில் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். நான் சோபாவின் நுனியில் உட்கார்ந்து கேட்டேன். "ம்... அப்புறம்?" என்றேன். "வந்தாங்களா?" என்று கேட்டேன். "இருங்கப்பா, அவசரப்படாதீங்க" என்றாள். ஒரு மணி நேரம் ஏழு நிமிடம்.

நேற்றே மெஷின் ரூமில் உட்கார்ந்து முந்நூறு பக்கத்தையும் முடித்துவிட்டேன் என்று சொல்லவில்லை.