கொடியா, மேடையா

ஞாயிறு, இரவு

படுத்துப் பார்த்தேன். சரிப்படவில்லை.

தாராவியில் எங்கள் சாரணர் குழுவில் ஷமீமா ஒருத்திதான் முஸ்லிம். இன்றுவரை அது யாருக்கும் ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. அடுத்த வாரம் மாட்டுங்காவில் சாரணர் பேரணி. கொடி பிடிக்க வேண்டியவள் அவள். நடை பிசகாது, அதனால்தான்.

இன்று சர்வமதப் பிரார்த்தனைக்கு ஒத்திகை. "முஸ்லிம் பிரார்த்தனை யாரு சொல்றது?" என்றார் குழுவை நடத்தும் டீச்சர். அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சர், நான் கொடி புடிக்கணுமே."

"கொடியை யாரு வேணும்னாலும் பிடிக்கலாம்மா. இது உன்னாலதான் முடியும். எல்லா மதமும் மேடையில நின்னாத்தானே அழகு?"

கொடி பிடிப்பவர் அணியை விட்டு மேடை ஏற முடியாது; கொடி கார்த்திக் கைக்குப் போனது.

நான் லிஃப்ட் மெக்கானிக்; ஞாயிறுகளில் குழுவுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுப்பவன். எது நின்றாலும் பேனலைத் திறந்தால் காரணம் தெரிந்துவிடும். இங்கே யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. டீச்சர் நல்லவர். அதுதான் எரிச்சல்.

முடிச்சு சொல்லிக்கொடுத்த கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஷமீமா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, வாப்பாட்ட என்னன்னு சொல்ல? கொடியப் புடுங்கிட்டாவன்னா, மேடையில ஏத்திட்டாவன்னா?"

"டீச்சர்ட்ட பேசுதேன் புள்ள" என்றேன்.

டீச்சர் பத்தடி தள்ளித்தான் நின்றார். நான் சுருட்டிய கயிற்றையே அவிழ்த்து மறுபடி சுருட்டினேன். அவர் ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

இந்நேரம் அவள் வாப்பா வேலை முடிந்து வந்திருப்பார். எதைச் சொன்னாளோ.