கட்டையோடு ஒருவர், கட்டையில்லாமல் ஒருவர்

1968 பெப்ரவரி 5

நாவுலயிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. நாலந்தா வரை நின்றுகொண்டே வந்தேன். ஊன்றுகட்டை உரசி கக்கத்தில் தோல் உரிந்துவிட்டது. உம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டார்.

அங்கவீனர் சங்கத்துக்காக முதலாளிமாரைக் கண்டு விசாரித்து எழுதும் வேலை தொடங்கி இது இரண்டாவது வாரம். கேள்விகள் சிலதான். கையோ காலோ கண்ணோ குறைந்த ஒருவருக்கு வேலை கொடுப்பீர்களா? கொடுத்தால் என்ன வேலை? கொடுக்காவிட்டால் ஏன்? மாத்தளைப் பக்கம் எனக்கு, லக்கலப் பக்கம் என் கூட்டாளி சுந்தரலிங்கத்துக்கு என்று சங்கச் செயலாளர் ஜுனைதீன் மாஸ்டர் பிரித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்தவர். "பலீல், உங்களைவிட இதுக்குப் பொருத்தமான ஆள் இல்ல" என்றார். அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டே நடக்கிறேன்.

இன்று நெல் ஆலைக்கார அம்மா. எல்லோருக்கும் சந்திரகாந்தா நோனா. உட்காரக்கூடச் சொல்லவில்லை. சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்: "முடியாது மல்லி. பெல்ட் ஓடுகிற இடம். தரையெல்லாம் உமி, வழுக்கும். நீ விழுந்தால் பொலிஸுக்கு யார் போவது?" நீ விழுந்தால் என்றார். நான் எனக்காகவா கேட்டேன்? வழி முழுக்க எரிச்சல்.

பெப்ரவரி 7

மாமாவின் கடை. பதுர்தீன் மாமா உம்மாவின் மூத்த சகோதரர். நாங்கள் குடியிருக்கும் வீடும் அவருடையதுதான். கொக்கோவும் மிளகும் வாங்கி, பெண்களை வைத்துத் தரம் பிரித்து, கொழும்புக்கு அனுப்புகிறார். மருமகன் என்றாலும் கேள்வியை முறையாகத்தான் கேட்டேன். மாமா சிரித்தார். "இதென்ன கேள்வி மகன்? அல்லாஹ் படைச்ச மனுஷன்தானே. நல்ல ஆள் ஈந்தா கூட்டிட்டு வாங்க, நாளைக்கே போடுறேன்."

நெஞ்சு நிறைந்துவிட்டது. கணக்கு மேசையில் என்னை வைப்பதாக வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த நாளிலிருந்து சொல்லிவருகிறார். இந்த வேலை முடியட்டும். ஞாபகப்படுத்தலாம்.

பெப்ரவரி 14

போயா, பௌர்ணமி விடுமுறை. கடைகள் பூட்டு. நாள் முழுக்கத் தூக்கம்.

பெப்ரவரி 20

சீகிரியாவில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதி. அவர்களும் சரி என்றார்கள். தேநீர் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். எங்கே போனாலும் சரி, சரி, சரி. நாவுல நோனாவைத் தவிர ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. மனிதர்களைப் பற்றி இவ்வளவு நாளும் நான் தப்பாக நினைத்திருந்தேனா?

பஸ் நிலையத்தில் சுந்தரலிங்கத்தைக் கண்டேன். லக்கல பஸ்ஸை யானை மறித்த கதையைச் சொன்னான். கண்டக்டர் சீட்டுக்குக் கீழே ஒளிந்துகொண்டானாம். வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உம்மாவுக்கும் சொன்னேன்.

பெப்ரவரி 27

சங்கக் கந்தோருக்கு ஒரு பெண் வந்தாள். புஷ்பவதி. தேயிலைத் தொழிற்சாலை ரோலரில் அகப்பட்டு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. தோட்டத்தில் கொழுந்து பறிக்கவும் இப்போது விடுவதில்லை. முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டே, என்னை அண்ணன் முறையில் நானா என்று அழைத்துப் பேசினாள். "யாராச்சும் வேலை தருவாங்களா நானா?" தருவார்கள் என்றேன். என் மாமாவே தருவார் என்றேன். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னேன். கையை வெளியே எடுத்து, ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள்.

மார்ச் 2

எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் புஷ்பவதியைக் கடைக்குக் கூட்டிப் போனேன். தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த சேலை உடுத்தி வந்திருந்தாள். மாமா அவளுடைய கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கொஞ்சம் உள்ளுக்கு வாங்க மகன்" என்றார். உள்ளே என்பது பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம். அவளுக்கு எல்லாம் கேட்கும்.

"இந்தக் கை தொட்ட சரக்கை எவன் வாங்குவான்?"

"நீங்கதானே மாமா கூட்டிட்டு வரச் சொன்னீங்க?"

"உங்களுக்கு முன்னால வேற என்னத்தச் சொல்ல? நீங்களே கட்டையோட வந்து நிக்கிறீங்க. மனசு நோகும்தானே? அந்தச் சுந்தரலிங்கம் தம்பி பொறகு வந்தாரே, அவர்கிட்ட உள்ளதைச் சொன்னேன். ஊனமானவங்களக் கடையில வச்சா யாவாரம் படுத்துரும். சொந்த மருமகனையே நான் மேசையில வைக்கல்லன்னு அவர்கிட்ட சொன்னேனே!"

சுந்தரலிங்கமா? லக்கலயில் இருக்க வேண்டியவன் இங்கே எதற்கு வந்தான்?

வெளியே வந்தபோது புஷ்பவதி வீதிக்கு இறங்கியிருந்தாள். கட்டையை ஊன்றிப் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தாள். அழவில்லை.

"தெரிஞ்சேதான் கூட்டிக்கிட்டு வந்தீங்களா நானா?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. நான் மட்டும் நம்புவேனா, அவள் இடத்தில் இருந்தால்?

மார்ச் 3

சொந்த மருமகனையே. சொந்த மருமகனையே. வாப்பா மௌத்தாகி ஏழு வருஷம் — ஏழு வருஷமும் "அடுத்த பெருநாளுக்குப் பொறகு மகன்", "அடுத்த அறுவடைக்குப் பொறகு மகன்". நானும் தலையை ஆட்டிக்கொண்டு. என்ன மடையன் நான்!

மார்ச் 4

சுந்தரலிங்கத்தின் அறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"நீ லக்கலைக்குப் போனியா?"

"இல்ல மச்சான்."

நான் போன ஒவ்வொரு இடத்துக்கும், ஒரு வாரம் கழித்து அவன் போயிருக்கிறான். அதே கேள்விகள். எனக்கு ஒரு பதில், அவனுக்கு ஒரு பதில். மாஸ்டரின் ஏற்பாடு. என்னிடம் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

"என் மாமா சொன்னதையும் கேட்டுக்கிட்டு, பஸ் நிலையத்தில என்கூட நின்னு சிரிச்சியே?"

"உன் மூஞ்சியப் பார்த்ததும் என்னத்தையாவது பேசணும்னு தோணிச்சு. அதான் யானைக்கதை."

யானைகூட இல்லை.

நான் கிளம்பும்போது சொன்னான்: "நாவுல நோனா ஒருத்திதான் மச்சான், ரெண்டு பேருக்கும் ஒரே பதில் சொன்னா."

மார்ச் 5

மாஸ்டர் எதையும் மறுக்கவில்லை. குரலில் கூச்சமும் இல்லை.

"ஒரே கேள்விய ரெண்டு பேர் கேட்கணும் பலீல். கட்டையோட ஒருத்தர், கட்டையில்லாம ஒருத்தர். அப்பதான் இவங்களோட உண்மையான மனசு வெளிய வரும். இதை வச்சு நாங்க அரசாங்கத்துக்கிட்ட சட்டம் கேட்கலாம். உங்க மாதிரி ஆயிரம் பேருக்கு நல்லது."

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேனா சேர்?"

"தெரிஞ்சா உங்க மூஞ்சி காட்டிக் கொடுத்துரும்."

"என்னத் தெரிவு செஞ்சதே இந்தக் காலுக்குத்தானா?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா எழுதுவீங்க. அதுவும்தான்."

அதுவும்தான்!

இந்த மாதக் கடைசியில் நகர மண்டபத்தில் கூட்டமாம். கடைக்காரர், ஆலைக்காரர், தோட்டத்துத் துரைமார் எல்லோர் முன்னாலும் இரண்டு பதில்களையும் பெயரோடு வாசிக்கப் போகிறாராம். "உங்க மாமா பெயரையும் வாசிப்பேன். உங்களுக்குச் சம்மதமா?" இப்போது மட்டும் சம்மதம் கேட்கிறார். வாசியுங்கள் என்றேன். அவர் செய்தது தப்பு. ஆனால் அந்தப் பதில்கள் உண்மை. இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

மார்ச் 10

ஹஜ்ஜுப் பெருநாள். தொழுதுவிட்டு மாமா வீட்டுக்குப் போக வேண்டிய முறைக்குப் போனோம். சாப்பாடு முடிந்ததும் மாமா என்னைத் தனியே அழைத்தார். கூட்டத்தைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள்.

"சுந்தரலிங்கம் தப்பா எழுதிட்டாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் மகன். பெருநாள் கழிஞ்சதும் மேசை உங்களுக்கு. இந்த முறை கட்டாயம்."

கட்டையை எடுத்துக்கொண்டு உம்மாவோடு கிளம்பிவிட்டேன். வழியில் உம்மா கேட்டார்: "மாமா கூப்பிடுற நேரம் போனா என்ன? நமக்கு வேற யாரு ஈக்கி?"

மார்ச் 12

கடைக்குப் போய், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாமா ஏசவில்லை. "உங்க இஷ்டம்" என்றார். உம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மார்ச் 23

கூட்டம் நடந்தது. பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் மாஸ்டருக்குப் பக்கத்துக் கதிரையில் பதுர்தீன் மாமா. மாலையும் போட்டிருந்தார்கள். சங்கம் கட்டப்போகும் கட்டிடத்துக்குக் கூரை ஓடு முழுவதும் அவர் கொடுக்கிறாராம். கைதட்டினார்கள்.

மாஸ்டர் பதில்களை வாசித்தார். சீகிரியா விடுதி வந்தது. துணிக்கடை வந்தது. அச்சகம் வந்தது. மாமாவின் பெயர் வரவில்லை. நாவுல நோனாவுடையதும் வந்தது — "இரக்கமற்ற மறுப்புக்கு உதாரணம்" என்று சொல்லி வாசித்தார்.

எழும்பிக் கேட்டிருக்கலாம். எழும்பினேன். நான் கட்டையை எடுத்து ஊன்றி நிமிரும் முன்பே மாஸ்டர் கண்டுவிட்டார். "இதோ, நம்ம கூட்டத்துக்கு இந்தச் சகோதரரும் வந்திருக்கிறார்" என்றார். சபை திரும்பிப் பார்த்து எனக்கும் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் நான் என்னத்தைக் கேட்க?

வெளியே சுந்தரலிங்கம் பின்னால் வந்தான். "நான் சரியாத்தான் எழுதிக் கொடுத்தேன் மச்சான், சாமி சத்தியமா." இருக்கலாம். அவனுடைய சத்தியங்களை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2

நாவுலைக்குப் போனேன். இந்த முறை எனக்காக.

"விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டீர்கள் நோனா. பெல்ட் இல்லாத இடத்தில் என்ன வேலை இருக்கிறது?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "முன் அறையில் நெல் நிறுக்கிற தராசு. மூட்டையை ஆட்கள் ஏற்றுவார்கள். நின்றுகொண்டு எழுத வேண்டும்."

"உட்கார்ந்து எழுதினால்?"

யோசித்தார். "நிறை சரியாக இருந்தால் நீ படுத்துக்கொண்டு எழுதினாலும் எனக்கொன்றுமில்லை. ஒரு மாதம் பார்ப்பேன். சரிவராவிட்டால் போகச் சொல்வேன்."

இனிப்பாக ஒரு சொல் இல்லை. ஒத்துக்கொண்டேன்.

மே 6

மாதம் முடிந்தது. நோனா போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. இருக்கிறேன். ஆலைக்குப் பின்னால் ஓர் அறையில் தங்குகிறேன். உம்மாவுக்கு ஆள் மூலம் சேலை அனுப்பினேன். வாங்கிக்கொண்டாராம்.

மே 8

களத்தில் நெல் காயவைக்க ஆள் தேவை என்று நோனா சொன்னார். விரல் இல்லாத ஒரு பெண் இருக்கிறாள் என்றேன். "வரச் சொல். பார்த்துத்தான் சொல்வேன்." மாத்தளைக்குப் போகும் லொறிக்காரரிடம் புஷ்பவதிக்குச் சொல்லி அனுப்பினேன். நோனா சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

மே 19

வரமாட்டாள் என்றே நினைத்திருந்தேன். இன்று பகல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். என்னைக் கடந்து நேரே நோனாவிடம் போனாள். முந்தானையை விலக்கி, கையை நீட்டிக் காட்டினாள்.

"இவங்க சொன்னதுக்காக வேணாம். எனக்கு நேரா சொல்லுங்க" என்றாள் தமிழில். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். நான் சரியாகச் சொல்கிறேனா என்று அவள் நோனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூட்டை தூக்க உன்னால் முடியாது" என்றார் நோனா. "நெல்லைக் கிளறிவிட முடிந்தால் நாளைக்கு வா. முடியாவிட்டால் சாயங்காலமே சொல்லிவிடுவேன்."

புஷ்பவதி தலையசைத்தாள். இங்கே அவளுடைய சித்தி வீடு இருக்கிறதாம். ஆனால் துணிமணி எடுக்க இன்றைக்குத் தோட்டத்துக்குப் போய் வர வேண்டும். பஸ் வரும் வரை கூட நின்றேன். அவள் என்னைப் போகச் சொல்லவில்லை. பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"காலையில மொத பஸ் எத்தனை மணிக்கு நானா?"

சொன்னேன். திரும்பி, கண்டக்டரிடமும் ஒருமுறை கேட்டுக்கொண்டாள்.