வெளுப்புத் தொட்டி ஓரத்தில் பிராணாயாமம்

ஜூன் 10, செவ்வாய்

பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை என்று கம்பெனிப் பெண்கள் இன்று சொன்னார்கள். அதற்கு முதலாளி பாண்டிதுரை என்ன சொன்னார் தெரியுமா? "அபரிக்ரகம்னு ஒண்ணு இருக்கு. தேவைக்கு மேல ஒண்ணுக்கும் ஆசைப்படக் கூடாது. சந்தேகம்னா நம்ம யோகா அம்மாகிட்டக் கேட்டுக்கோங்க." என் பக்கம் கை நீட்டினார். எல்லா முகமும் என்னைப் பார்த்தன.

கால் கழுவத் தண்ணீர் கேட்பதும் ஆசையா? நான் அதைக் கேட்கவில்லை. சிரித்து வைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கும்வரை அந்தச் சிரிப்பு என் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்காய் ஒட்டிக்கொண்டிருந்தது. தூ.

இந்த மனிதர் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனி வைத்திருக்கிறார். எங்கோ மலை மேல் ஒரு முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து பாதி முனிவர் ஆகிவிட்டார். நெற்றி நிறையச் சந்தனம், பேச்சுக்குப் பேச்சு புராணம். வெளிநாட்டுக்காரன் துணி வாங்குமுன் தொழிலாளர் நலனுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்கிறானாம். அதற்குப் பதில் நான். செவ்வாயும் வியாழனும் வகுப்பு.

ஏன் போகிறேன்? நம் வீட்டுக் கூடத்தில் ரிடையர் ஆனவர்களுக்கு இத்தனை வருஷம் யோக சாஸ்திரம் சொல்லியாயிற்று. ஒருவர் தூங்குவார், ஒருவர் போனை நோண்டுவார். இங்கே இந்தப் பெண்கள் கண் கொட்டாமல் கேட்கிறார்கள். அந்த ருசிதான். வேறென்ன.

ஜூன் 12, வியாழன்

வகுப்பு நடக்கிற இடத்தைப் பற்றி எழுத வேண்டும். பேக்கிங் ஹாலில் சுத்தம் கெட்டுவிடும், உட்காரக் கூடாது. ஏசி ரூம் வருகிறவர்களுக்கு. மிச்சம் இருப்பது வெளுப்புத் தொட்டிக்கும் காயப்போடும் கம்பிகளுக்கும் நடுவில் உள்ள இடம். வெள்ளைத் துணியில் தெருத் தூசி படியும் என்று ஷட்டரை இறக்கியே வைத்திருக்கிறார்கள். பிளீச்சிங் வாடை கண்ணைக் கரிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் இவர், "என்னடி, புடவையெல்லாம் ஆஸ்பத்திரி கழுவின வாடை அடிக்கறது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அங்கே உட்கார்ந்து பஸ்த்ரிகா சொல்லிக் கொடுத்தேன். துருத்தி மாதிரி நன்றாக இழுத்து, நன்றாக விட வேண்டும். முன் வரிசையில் பெத்தம்மாள் என்று ஒருத்தி, செட்டியார்பட்டிக்காரி, தொட்டியிலிருந்து ஈரத் துணியை இழுத்துப் போடுகிற வேலை. இருமிக்கொண்டே இருந்தாள். பாண்டிதுரை உடனே, "அம்மா, அந்த நீலகண்டன் கதையைச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பாற்கடலைக் கடைந்தபோது அமுதத்துக்கு முன்னால் விஷம் வந்தது, எல்லாரும் ஓடினார்கள், சிவன் எடுத்துக் குடித்தான், விழுங்கவும் இல்லை துப்பவும் இல்லை, தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டான். கசப்பு வந்தால் அப்படி நிறுத்தப் பழகுவதுதான் யோகம் என்று முடித்தேன்.

பெத்தம்மாள் மட்டும் கேட்டாள்: "பொறவு அவருக்கு மருந்து யாரு குடுத்தா டீச்சர்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூன் 17, செவ்வாய்

வெளுப்புத் தொட்டிக்கு மேல் பிளெக்ஸ் போர்டு. நீல நிறத்தில் சிவன், பற்பசை விளம்பரத்துக்கு நிற்கிறவர் போல. கீழே, "விஷம் வந்தால் விழுங்காதே, துப்பாதே, தாங்கு." அதற்கும் கீழே, "யோகரத்னா ஜயலக்ஷ்மி அம்மா அருளியது."

யோகரத்னாவாம். யார் கொடுத்தார்கள்?

ஒரு பெண் கண் எரிகிறது, ஷட்டரைக் கொஞ்சம் தூக்கலாமா என்று சூப்பர்வைசர் ஆல்வினிடம் கேட்டாள். அவன் வாயைத் திறக்காமல் போர்டைக் காட்டினான். அவனுக்கும் கண் சிவந்துதான் இருந்தது.

எனக்கு அருவருப்பாக இருந்தது. அதே சமயம் என் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்றும் பார்த்தேன். இதையும் எழுதி வைக்கத்தானே வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

வகுப்பில் இருமல் கூடுகிறது. பெத்தம்மாள் ஓரமாகப் போய்ச் சளியைத் துப்பிவிட்டு வந்தாள். பயந்துபோய், "மூச்சு இழுத்தா நெஞ்சு காந்துது டீச்சர், விட்டுரட்டா?" என்று கேட்டாள்.

"உள்ள இருக்கற கழிவெல்லாம் வெளியே வரது. நல்லதுதான். விடாமப் பண்ணுங்கோ" என்றேன். எல்லா யோகா வாத்தியாரும் சொல்வதுதானே? எனக்குச் சொன்னார்கள், நான் சொன்னேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்திலும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து செய்கிறாளாம். ஆல்வின் சொன்னான். சந்தோஷப்பட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

பஸ்த்ரிகா நடுவில் பெத்தம்மாள் சாய்ந்தாள். பக்கத்திலிருந்தவள் தோளில் தலை விழுந்தது. உதடு கத்தரிப்பூ நிறம்.

பாண்டிதுரை ஓடி வந்து பார்த்துவிட்டுக் கை கூப்பினார். "யாரும் தொடாதீங்க. அம்மா, நிலை கூடிருச்சு போல."

நிலை கூடிருச்சாம். சமாதியாம். ஐயோ, இந்த ஆள் வாயில் என்ன வைத்துத் தைக்கலாம். ஆல்வின்தான் ஷட்டரைத் தூக்கி, அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் போட்டான்.

ஜூன் 25, புதன்

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெத்தம்மாளுக்கு மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீங்க சொன்ன மாதிரி நல்லாத்தான் இழுத்தேன் டீச்சர். எம்புட்டு இழுத்தும் கழிவு போகலையே. எம்மேல என்ன தப்புன்னு தெரியல."

அவள் மேல் தப்பாம்.

டாக்டர் சின்னப் பெண். கேஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, "குளோரின் இருக்கிற இடத்துல ஆழமா மூச்சு இழுங்கன்னு சொன்ன புண்ணியவான் யாருமா?" என்று கேட்டாள். பெத்தம்மாள் என்னைக் காட்டவில்லை. நான் ஆப்பிள் பையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரமாக நின்றேன். நுரையீரல் உள்ளே வெந்திருக்கிறது, மறுபடி அங்கே போய் அடைந்து கிடந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெத்தம்மாளுக்கு அந்த வேலை தவிர வேறு வேலை தெரியாது. மூச்சு சரியானதும் அந்தத் தொட்டிக்குத்தான் போவாள். ஷட்டர் இறங்கியேதான் இருக்கும்.

ஜூன் 27, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. என் குரலே காதில் கேட்கிறது — விடாமப் பண்ணுங்கோ, விடாமப் பண்ணுங்கோ. ச்சீ.

ஜூலை 1, செவ்வாய்

பாண்டிதுரையின் ரூமில் போய் நின்றேன். ஷட்டரைத் திறங்கள், காற்றை வெளியே இழுக்கிற பேன் போடுங்கள், வகுப்பை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று சொன்னேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஊதுபத்தி வேறு.

"பெத்தம்மாளுக்கு முன்னாடியே வீசிங் இருந்திருக்கும்மா. பூர்வ கர்மா. நாம என்ன பண்ண முடியும்?" என்றார். பிறகு கூர்மாவதாரம் வந்தது. மலையை முதுகில் தாங்கிய ஆமை கூச்சல் போட்டதா? தொழிலாளிதான் அந்த ஆமையாம். மத்து யார் கையில் இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அமுதம் வந்தபோது யார் வரிசையில் முதலில் நின்றார்கள் என்றும். இத்தனை வருஷமாக நான் விற்ற சரக்கைத்தான் அந்த ஆள் எனக்கே திருப்பி விற்கிறார்.

வியாழக்கிழமை வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். "அன்னிக்கு மட்டும் தொட்டியை நிறுத்திட்டு ஷட்டரைத் தூக்கி வைப்போம். நீங்க பொம்பளைகளை உக்கார வச்சு அழகா ஒரு வகுப்பு எடுத்துருங்க. அவுக பாத்துட்டுப் போயிருவாக. பொறவு பேசிக்கிடுவோம்" என்றார்.

பிறகு என்றால் ஒருநாளும் இல்லை. அவர்கள் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனால் அந்த ஷட்டர் பெத்தம்மாள் தலைக்கு மேல் மறுபடி இறங்கும். சரி என்றேன்.

ஜூலை 2, புதன்

இவர் கோயிலில் பிரபந்த கோஷ்டி முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். "பெருமாளைச் சேவிக்கற ஆத்துல இருந்துண்டு நோக்கு எதுக்குடி நீலகண்டன் கதை?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு சாதத்தைப் பிசைந்துகொண்டே, "சரி, குடிச்சான். அது ஏன் வயித்துக்குள்ள போகலை?" என்றார்.

ஏனென்றால் பார்வதி ஓடி வந்து அவன் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். அதனால் நின்றது. அவன் பொறுமையால் இல்லை.

இதை நான் வகுப்பில் சொல்லவே இல்லை. நேரம் ஆகிவிட்டது என்று விட்டேனா, தாங்கு என்று முடித்தால் எடுப்பாக இருக்கும் என்று விட்டேனா? யோகத்தின் எட்டு அங்கத்தில் பிராணாயாமம் நாலாவது. முதல் அங்கத்தில் முதல் சொல் அகிம்சை. நான் நேரே நாலாவதுக்குத் தாவிவிட்டேன்.

ஆல்வினுக்குப் போன் செய்தேன். "தம்பி, நாளைக்குத் தொட்டியை நிறுத்தாதே. எப்பவும் போல ஓடட்டும்." "சரி டீச்சர்" என்று வைத்துவிட்டான்.

ஜூலை 3, வியாழன்

பெண்களை வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தேன். பாண்டிதுரைக்குப் புரியவில்லை. வந்தவர்கள் எதிரில் சொன்னேன்: "முதலாளியே நல்ல சாதகர். இன்னிக்கு அவரே பண்ணிக் காட்டட்டும். எப்பவும் வகுப்பு நடக்கற இடத்துலயே." புகழ்ந்தால் அந்த ஆள் கிணற்றிலும் இறங்குவார் என்று தெரியும். சால்வையைச் சரி செய்துகொண்டு உள்ளே வந்து சம்மணம் போட்டார். நானும் எதிரில் உட்கார்ந்தேன். வந்தவர்கள் வாசல் பக்கம் நின்றார்கள். "ஆல்வின், தினமும் வைக்கற மாதிரி ஷட்டரை வை" என்றேன். முக்கால்வாசி இறக்கினான். தொட்டியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பாண்டிதுரை அதைக் கவனித்து ஆல்வினை முறைத்தார். ஆல்வின் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ்த்ரிகா. நன்றாக இழுங்கோ. நன்றாக விடுங்கோ.

எனக்கும் நெஞ்சு காந்தியது. பெத்தம்மாள் இதைத்தான் தினம் இழுத்தாளா? அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டி, சந்தனம் கரைந்து மூக்கில் வழிந்தது. இருமினார். நிறுத்தப் பார்த்தார். "கழிவு வெளியே வரது. விடாமப் பண்ணுங்கோ" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது வாயில் அழுகிய எதையோ வைத்திருந்த மாதிரி இருந்தது. நாலு மூச்சுகூடத் தாங்கவில்லை, எழுந்து வழி தேடி ஷட்டரைத் தடவினார். சால்வை தொட்டித் தண்ணீரில் கிடந்தது.

சென்னைக்காரப் பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு ஆல்வினைக் கேட்டாள், "தினமும் இப்படித்தானா?"

"இன்னைக்குக் கம்மி மேடம்" என்றான் ஆல்வின்.

வெளியே வந்து சாக்கடை ஓரம் குந்திக்கொண்டு வாந்தி எடுத்தேன். வெற்றி என்று ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஆளையும் பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ராத்திரியெல்லாம் இருமல். இவர் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். திட்டவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆல்வின் போன் செய்தான். பேன் மாட்டியாயிற்றாம். சரி செய்யாவிட்டால் துணி வேண்டாம் என்று எழுதிவிட்டார்களாம். ஷட்டர் இருந்த இடத்தில் கொசு வலைக் கதவு. பெத்தம்மாளைப் பேக்கிங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய போர்டை இறக்கியாயிற்று.

"புது போர்டு ஒண்ணு வந்திருக்கு டீச்சர்" என்றான்.

"என்ன போட்டிருக்கு?"

"முதலாளி படம். 'தன் மக்களுக்காகத் தானே விஷத்தை ஏற்றவர்'னு போட்டிருக்கு. கழுத்துல நீலம் அடிச்சிருக்காக."

எனக்குச் சிரிப்பு வந்தது. வகுப்புக்கு மறுபடி கூப்பிட்டார்களாம். வர மாட்டேன் என்று சொல்லச் சொன்னேன்.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். தேர் நிலையை விட்டுக் கிளம்பியாயிற்று. கூட்டத்துக்கு ஒதுங்கி ரத வீதி முனையில் நிற்கும்போது யாரோ கையைத் தொட்டார்கள். பெத்தம்மாள். இளைத்திருந்தாள். வருஷா வருஷம் வடம் பிடிப்பாளாம், இந்தத் தடவை பார்க்க மட்டும் வந்தாளாம்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"பரவால்ல டீச்சர். படி ஏறுனா மட்டும் நின்னு நின்னு ஏற வேண்டியிருக்கு."

தேர் அசைந்து எங்களைக் கடந்தது. சத்தம் அடங்கியதும் அவள் கேட்டாள்: "அந்தச் சாமிக்குப் பொறவு கழுத்து சரியாச்சா?"

இதற்கு அழகாகச் சொல்ல எனக்கு எத்தனையோ தெரியும். விஷமே ஆபரணம் ஆயிற்று என்று சொல்லலாம். அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

"இல்லை, பெத்தம்மா. இன்னும் நீலமாத்தான் இருக்கு" என்றேன்.

"ம்" என்றாள். ஒரு வீட்டுச் சுவரில் கையை ஊன்றி நின்று மூச்சு வாங்கினாள். நானும் நின்றேன். எப்படி மூச்சு விட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லவில்லை.