பன்னிரண்டாம் கட்டில்

அன்புள்ள அம்மாவுக்கு,

சகலருக்கும் இதனால் அறிவிப்பது: வேலூர் நர்சிங் விடுதியில் உன் மகன் ஆல்வின் சொந்தமாக ஒரு பச்சை வாளி வாங்கிவிட்டான். வாழ்த்துவோர் வரிசையில் வரவும்.

உடம்பு எப்படி இருக்கிறது? ஆம்பூர் கம்பெனி பஸ்ஸில் மாஸ்க்கைக் கழற்றாதே.

கொரோனா வார்டில் மாணவர்களையும் டியூட்டிக்குப் போட்டிருக்கிறார்கள். அங்கே நோயாளியாக இருந்த, உன்னைப்போல் ஷூ கம்பெனிக்குப் போகும் சங்கீதா அக்கா, கூட வேலை செய்யும் பெண்ணின் பக்கத்துக் கட்டிலுக்கு மாற ஆசைப்பட்டார். அந்தப் பன்னிரண்டாம் கட்டிலில் இருந்த சர்க்கரை நோயாளியும் இடம் மாறச் சம்மதித்தார். ஆட்கள் மாறினார்கள், கால்மாட்டில் தொங்கும் மருந்துச் சீட்டுகள் மாறவில்லை. சர்க்கரையே இல்லாத அக்காவுக்கு இன்சுலின் போட்டுவிட்டார்கள். வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. ஓடிப்போய்ச் சொன்னது நான்தான். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து, "இன்னாப்பா, நீ ஏன் அழுவற?" என்றார். இப்போது நன்றாக இருக்கிறார்.

தவறு நடந்தால் எழுதிப் போட இங்கே ஒரு பெட்டி உண்டு. பெயர் போட வேண்டாம், ஆனாலும் பயத்தில் யாரும் எழுதுவதில்லை. நான் பெயரோடு எழுதினேன். இப்போது எல்லோரும் நோயாளியின் பெயரைக் கேட்ட பிறகுதான் ஊசி போடுகிறார்கள். வார்டையே மாற்றியவன் உன் மகன்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. உன் பழைய புடவை ஒன்றும், துவைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை.

டியூட்டிக்கு நேரமாயிற்று. ஒன்று மட்டும், அம்மா. அன்றைக்கு ஆட்களை இடம் மாற்றிவிட்டுச் சீட்டை மறந்தவனும் நான்தான். பெட்டியில் எழுதிப் போட்டது அதைத்தான்.

ஆல்வின்