அடைக்கூடையில் ஓர் அரிவாள் முனை

அண்ணி,

இன்று காலை குஞ்சுகள் வந்த அட்டைப்பெட்டியைத் திறந்ததும் தவிடும் இளஞ்சூடும் கலந்த அந்த வாசம் வந்தது. தஞ்சாவூர் வீட்டுக் கொல்லையில் கூண்டு கட்டி, உமி பரப்பி, குண்டு பல்பு போட்டிருக்கிறேன். "ஈரந்தாண்டி குஞ்சுக்கு எமன்" என்பீர்களே, அதனால் உமியை மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தேன். குஞ்சு விழுந்து நனையாமலிருக்கத் தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் போட்டேன். அவை குருணை கொத்துகிற சத்தத்தில் நீங்கள் இல்லையே என்று அழுகை வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்தது, அந்தப் போலீஸ்காரரை நினைத்து.

கூலி நெல் கூட்டிக் கேட்டுக் குறுவை அறுப்பை நிறுத்தியிருந்த சமயம். அண்ணனும் மற்ற ஆண்களும் தலைமறைவு. தெருவில் போலீஸார் சோதனை போட வருகிறார்கள் என்றதும் நாம் இருவரும் வாய்க்காலுக்கு அக்கரையில் உங்கள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். வேலையில்லாத அந்த நாட்களில் நமக்கு மிஞ்சியிருந்தது அடையில் இருந்த கோழியும் அதன் முட்டைகளும்தான்.

"கோழிய எழுப்புனா அத்தனையும் கூமுட்டையாப் போயிடும்" என்று கூடையோடு தலையில் தூக்கிக்கொண்டீர்கள்.

"எங்கண்ணனுக்குக்கூட இவ்ளோ கவலப்படலயே அண்ணி!"

"உங்கண்ணனா முட்ட போடுறாரு?"

மதகடியில் மறித்தார்கள். கூடைக்குள் கைவிட்ட போலீஸ்காரரைக் கோழி ஒரே கொத்து. கையை உதறிக்கொண்டு மறுபடி துழாவியவர் வெளியே எடுத்தது உடைந்த அரிவாளின் முனை. இடிச் சத்தத்தில் கரு கலங்காமலிருக்க அடைமுட்டையோடு இரும்பும் கரியும் மிளகாயும் வைப்பது நம் வழக்கம். வேறு இரும்பு அகப்படாமல் நீங்கள் வைத்தது அது. அந்தச் சமயத்தில் நம் தெரு ஆளிடம் அரிவாள் இருந்தால் ஜெயில்தான்.

"ஆயுதமா கடத்துற? ஏறு வண்டில."

"ஏறுறேங்க. ஆனா மழ கறுத்துக்கிட்டு வருது. இரும்ப எடுத்துட்டீங்க. இடி இடிச்சு முட்ட கெட்டா நீங்கதான் பொறுப்பு" என்றீர்கள்.

அவர் மறுபடி கூடைக்குள் பார்த்தார். கரியையும் மிளகாயையும் கண்டதும் முகம் மாறிற்று. "எங்க அம்மாவும் இப்படித்தான் வைக்கும்" என்று முணுமுணுத்து, இரும்பை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, "போங்க, போங்க" என்றார்.

அநேகமாக எல்லாமே பொரித்தன. கூலிப் பேச்சு முடிந்து நாம் வீடு திரும்பிய பிறகு அதே போலீஸ்காரர் தெருப்பக்கம் வந்தார். பிடிபட்டு அடிவாங்கிய அண்ணனுக்கு முதுகு வீக்கம் இன்னும் வடியவில்லை. போலீஸ்காரர் வாசலில் நின்று, "பொரிச்சிடுச்சா?" என்று கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீங்களோ ஒரு குஞ்சை எடுத்து நீட்டினீர்கள்.

"உங்க அம்மாகிட்ட குடுங்க. ஆனா அடிக்கிற கையால தூக்காதீங்க. குஞ்சு தாங்காது."

அவர் தொப்பியைக் கழற்றி அதில் குஞ்சை வாங்கிக்கொண்டு போனார்.

நான் பிறகு படித்து டீச்சர் வேலைக்குப் போனேன். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூட மேசையில் பிரம்பு கிடந்தது. நான் அதைத் தொட்டதில்லை, அண்ணி. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குஞ்சைத் தூக்க வேண்டிய கையல்லவா.